எது நல்ல தெருப் படம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரீட் போட்டோகிராபி பழக வருகிறவர்கள் முதல் மாதம் கேமராவைப் பற்றிக் கேட்பார்கள். ஆறு மாதம் போனால் கேள்வி மாறிவிடும்: "இந்தப் படம் தேறுமா? ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?" இரண்டு வகைக் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. ஊர், வெளிச்சம் என்று வரும் இடங்களில் சென்னையை வைத்துச் சொல்லியிருக்கிறோம்.

தெருவில் எடுத்தால்தான் தெருப் படமா?

இல்லை. பஸ்ஸுக்குள், டீக்கடை பெஞ்சில், கடற்கரையில், கல்யாண மண்டபத்து வாசலில் என்று எங்கே எடுத்தாலும் சரி. நீங்கள் ஏற்பாடு செய்யாத பொது வாழ்க்கை பிரேமுக்குள் இருந்தால் போதும். ஆள் கூட இருக்க வேண்டியதில்லை. பூட்டிய கடை ஷட்டரில் காயும் வேட்டியும் தெருப் படம்தான். பாண்டி பஜாரில் நண்பரை நிற்கவைத்து எடுத்தது போர்ட்ரெய்ட்.

நல்ல படம் எது என்பதில் ஏன் இவ்வளவு சண்டை?

ஒவ்வொருவரும் படத்திடம் வேறு வேறு கடனை வசூலிக்க வருகிறார்கள்.

கணத்தைக் கேட்பவர்கள் ஒரு கட்சி. இவர்களுக்கு மூலவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். பாரிஸில் சான்-லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் 1932இல் அவர் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார் ஒருவர். குதிகால் தண்ணீரைத் தொடப் போகிறது, இன்னும் தொடவில்லை. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பின்சுவர் போஸ்டரைப் பாருங்கள். அங்கே ஒரு நடனக்காரி எதிர்ப்பக்கம் பார்த்துத் துள்ளுகிறாள். கீழே தண்ணீரில் அந்த ஆளின் நிழலுரு தலைகீழாக. ஒரே துள்ளல் மூன்று இடத்தில். வெறும் குதிப்பு என்றால் அது விளையாட்டுப் பக்கத்துப் படமாகப் போயிருக்கும்.

அவருடைய 1952ஆம் வருடத்துப் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானமான கணம்' என்ற பொருளில் பெயர் வைத்தது அமெரிக்கப் பதிப்பாளர். பிரெஞ்சுத் தலைப்பில் இருப்பது 'சோவெத்' என்ற சொல். போலீஸ் வந்தால் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக விற்கும் நடைபாதை வியாபாரத்தோடு சேர்த்துச் சொல்லும் சொல் அது. ரங்கநாதன் தெருவில் கடை விரிப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கணம் என்பதை ஏதோ தெய்வ வாக்கு மாதிரி பேசுகிறவர்கள் இந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது கட்சி, ஒற்றைக் கணத்தை நம்பாதது. ராபர்ட் ஃபிராங்க் 1955-56இல் அமெரிக்காவைச் சுற்றி எடுத்த படங்களைத் தொகுத்து 1958இல் பாரிஸிலும் 1959இல் அமெரிக்காவிலும் புத்தகமாக்கினார். மங்கல், சாய்வு, கிரெய்ன் (ஃபிலிமின் பொரிப்பொரியான புள்ளிகள்) என்று அன்றைக்குத் திட்டு வாங்கிய படங்கள் அவை. தனியாக எடுத்தால் சில படங்களில் ஒன்றுமே நடக்காது. அடுத்தடுத்த பக்கங்களில் வரும்போது ஒரு நாட்டின் தனிமை தெரியும். ஜப்பானில் டைடோ மோரியாமா இன்னும் மேலே போனார். ஃபோகஸ் விட்டுப்போவதும் கை ஆடுவதும் அவருக்குக் குறையே இல்லை.

மூன்றாவது கட்சி வடிவத்தைக் கேட்கும்: வெளிச்சம், நிறம், அடுக்கு. நான்காவது கட்சி, படத்தில் இருக்கிற ஆளுக்கு நியாயம் நடந்ததா என்று கேட்கும். ஒரே படத்தை இந்த நால்வரிடமும் காட்டினால் நாலு தீர்ப்பு வருவது இயல்பு. யார் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டு அபிப்பிராயம் கேளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, உங்கள் கட்சி எது?

பிரேமுக்குள் இரண்டு விஷயமாவது ஒன்றையொன்று தொட்டுப் பேச வேண்டும். அந்தப் பேச்சு, கீழே எழுதும் கேப்ஷனை நம்பி இருக்கக் கூடாது. மற்றது எல்லாம் அப்புறம்.

ஒரு பிரேமை வைத்துப் பார்ப்போம். மயிலாப்பூர் தெற்கு மாட வீதி, காலை ஏழு மணி. பூக்காரம்மா மல்லிகையை முழம் போடுகிறார். நூல் பல்லில் கடித்தபடி இருக்கிறது. இவ்வளவுதான் என்றால் அது அழகான தொழில் படம், சுற்றுலா நாள்காட்டிக்கு ஆகும். பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் தன் ஐடி கார்டு கயிற்றை அதேபோலப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தால்? இப்போது படத்துக்குள் ஒரு பேச்சு தொடங்கிவிட்டது. அடுத்துப் பார்க்க வேண்டியது சுத்தம். பையனின் தலையும் பூக்காரம்மாவின் தலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நடுவில் விரல் அகலம் வெளிச்சம் இருக்கிறதா? இடது ஓரத்தில் யாருடைய முழங்கையாவது பாதி வெட்டுப்பட்டு நிற்கிறதா? கம்பம் அம்மாவின் உச்சந்தலையில் முளைத்திருக்கிறதா? நீங்கள் அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் மூன்றும் சரியாகியிருக்கும். எடுக்கும்போது கண் ஆள் மேலேயே இருப்பதால்தான் இந்தத் தப்புகள் நடக்கின்றன. முதலில் ஓரத்தையும் பின்னணியையும் பார்த்துவிட்டு, ஆளைக் கடைசியில் பாருங்கள். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கேட்டு எடுப்பது, போஸ் கொடுக்க வைப்பது தப்பா?

கேட்டு எடுப்பது தப்பில்லை, அது வேறு வகைப் படம். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றதும் ஆள் நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்ப்பார். அதுவும் நன்றாக இருக்கலாம். பழைய நிலை வேண்டுமென்றால் எடுத்து முடித்த பிறகும் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டே நில்லுங்கள். அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார், நீங்கள் அங்கே இருப்பது அவருக்குப் பழகியிருக்கும்.

ஏற்பாடு செய்ததை நேர்ந்தது என்று காட்டுவதில்தான் தகராறு. பாரிஸ் நகரமன்றத்தின் முன்னால் முத்தமிடும் ஜோடியின் படத்தை ராபர்ட் துவானோ 1950இல் எடுத்தார். நடிப்பு மாணவர்களை முத்தமிடச் சொல்லி எடுத்தது என்பது நாற்பது வருடம் கழித்து வழக்கு வந்தபோதுதான் வெளியே வந்தது. ஹாங்காங்கின் ஃபான் ஹோ 1954இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் வெள்ளைச் சுவரோரம் நிற்பது அவருடைய உறவுக்காரப் பெண். மூலைவிட்டமாக விழும் அந்தக் கூரான நிழலை அவர் இருட்டறையில் சேர்த்தார். இரண்டும் அழகான படங்கள். ஃபான் ஹோவின் படத்தை வடிவக் கட்சி கொண்டாடும், கணக் கட்சி கையை விரிக்கும். எங்களுக்கு அது நல்ல படம்தான், ஆனால் தெருவைப் பற்றிய சாட்சியம் இல்லை.

குப்பைத் தொட்டி, ஒயர் போன்றவற்றை எடிட்டிங்கில் அழிக்கலாமா?

வீட்டுச் சுவரில் மாட்ட என்றால் உங்கள் இஷ்டம். போட்டிக்கு அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பிரேமில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது என்பது செய்திப் படப் போட்டிகளின் விதி, ரா ஃபைலைக் (கேமரா பதிவுசெய்த, கை வைக்காத மூலத்தை) கேட்பார்கள். வெளிச்சம் கூட்டுவதும் குறைப்பதும் பொதுவாக ஏற்கப்படும்.

கிராப் செய்யலாமா?

செய்யலாம். ஓரத்தை வெட்டும் கிராப்பே கூடாது என்ற வைராக்கியத்துக்குப் பேர்போன கார்த்தியே-பிரெஸ்ஸோனின் அந்தக் குதிக்கும் படமே கிராப் செய்ததுதான். பலகை வேலியின் சந்து வழியாக எடுத்ததில் ஓரம் மறைந்துபோயிருந்தது.

கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். 12×8 அங்குலப் பிரின்ட் வரை தாங்கும். ஆனால் வாரா வாரம் பாதியை வெட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் இரண்டு எட்டு பின்னால் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

எந்த லென்ஸ்? ஃபோகஸை எப்படிச் சமாளிப்பது?

28, 35, 50 மி.மீ. மூன்றில் ஒன்று, முழு பிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில். ஆட்டோ ஃபோகஸ் வேகமாகிவிட்ட காலத்திலும், தூரத்தை முன்கூட்டியே பூட்டிவைப்பது இன்னும் நம்பகமான வழி. ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்தி, லென்ஸ் துளையை எஃப் 8 வைத்தால் கிடைக்கும் தெளிவு இது:

28 மி.மீ. லென்ஸில் 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை.
35 மி.மீ. லென்ஸில் 1.7 முதல் 4.9 மீட்டர் வரை.
50 மி.மீ. லென்ஸில் 2 முதல் 3.3 மீட்டர் வரை மட்டும்.

50இல் இந்த முறை ஏன் காலை வாருகிறது என்பது இதிலேயே தெரியும். ஆள் ஒரு எட்டு முன்னால் வைத்தால் எல்லையை விட்டுப் போய்விடுவார். 50 வைத்திருப்பவர்கள் ஆட்டோ ஃபோகஸையே நம்பலாம். சென்சார் அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி கேமராவில் 18 மி.மீ., எஃப் 8, 2 மீட்டர் என்று பூட்டினால் ஒரு மீட்டர் முதல் கண்ணுக்கெட்டும் தூரம் வரை கிடைக்கும். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

2.5 மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் டேப்பை விரித்து, ஒரு ஆளை நிறுத்தி, வ்யூஃபைண்டரில் அவர் எவ்வளவு உயரம் வருகிறார் என்று மனப்பாடம் செய்யுங்கள். கேமராவை நேராகப் பிடித்தால் 28இல் அந்தத் தூரத்தில் ஆளின் தலை முதல் முழங்கால் வரை அடங்கும்.

ஷட்டர், ஐஎஸ்ஓ?

மேனுவல் மோட், எஃப் 8, ஷட்டர் 1/500 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே ஏற்றி இறக்கும்), அதன் மேல்வரம்பு 6400. 1/250 போதாதா என்று கேட்பார்கள். நடக்கிறவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் போகிறார். 2 மீட்டர் தூரத்தில் குறுக்கே போனால், 28 மி.மீ. லென்ஸில் 1/250 நொடிக்குள் அவர் உருவம் 24 மெகாபிக்சல் சென்சாரில் 13 பிக்சல் இழுபடும். 1/500இல் ஆறேழு பிக்சல். சைக்கிள், பைக் என்றால் 1/1000.

உச்சி வெயிலில் இந்த செட்டிங் ஒரு இடத்தில் சொதப்பும். எஃப் 8, 1/500இல் ஐஎஸ்ஓ ஏற்கெனவே 125 வாக்கில் தரைதட்டி நிற்கும். அதற்குமேல் குறைய இடமில்லாததால் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வெளுத்துப்போகும், மைனஸ் காம்பன்சேஷன் (படத்தைக் கொஞ்சம் இருட்டாக எடுக்கச் சொல்லும் செட்டிங்) வைத்தாலும் கேட்காது. வெயிலில் இருக்கும்வரை ஷட்டரை 1/1000க்கு ஏற்றிவிடுங்கள். அப்புறம் மைனஸ் 0.7 வேலை செய்யும். ரா ஃபைலாக எடுத்தால் கறுத்துப்போன முகங்களைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்த வேட்டி திரும்பாது.

கூரை போட்ட மார்க்கெட்டுக்குள் 6400ஐத் தொடும்போது எஃப் 4க்கு வாருங்கள். 28இல் 2.5 மீட்டர் பூட்டு அப்போது 1.8 முதல் 4 மீட்டர் வரை சுருங்கும். ராத்திரி கடைத்தெருவில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளையா, கலரா?

கறுப்பு வெள்ளைதான் கலை என்ற நம்பிக்கை ரொம்ப காலம் ஓடியது. நியூயார்க்கில் சால் லைட்டர் 1948 முதலும் ஜோயல் மேயரோவிட்ஸ் 1962 முதலும் கலரில் எடுத்தார்கள். நம் ஊரைக் கலர் இல்லாமல் எடுக்கவே முடியாது என்று வாதாடியவர் ரகுபீர் சிங். எங்கள் சோதனை எளிது. நிறத்தை எடுத்துவிட்டால் படம் சொல்வது குறைகிறதா? குறைந்தால் கலர். எதுவும் குறையவில்லை என்றால் கலர் அங்கே கூச்சல்தான் போட்டுக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் கறுப்பு வெள்ளைக்குப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. முகம் நீலம், தெருப்பக்கத் தோள் மஞ்சள். இரண்டு வெளிச்சம் கலந்திருப்பதால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் செட்டிங்) எப்படி நகர்த்தினாலும் ஒன்று கெடும். மீன் மார்க்கெட், காய்கறிச் சந்தையில் இது தினப்பாடு.

டெலி லென்ஸில் எடுத்தால் கோழையா?

சால் லைட்டர் டெலியிலும் (தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ்) எடுத்தார், யாரும் அவரைக் கோழை என்பதில்லை. அவர் பனி படிந்த கண்ணாடி, குடை, திரை என்று நடுவில் எதையாவது வைத்தார். எதிர் பிளாட்பாரத்திலிருந்து 200 மி.மீ.இல் முகத்தை மட்டும் பறிப்பதில் இடமும் இல்லை, உறவும் இல்லை. ஒளிந்து எடுத்த வாடையும் அடிக்கும்.

முகத்துக்கு நேரே பிளாஷ் அடிப்பது?

புரூஸ் கில்டன் நியூயார்க்கில் ஒரு கையில் கேமரா, மறுகையில் பிளாஷ் என்று முகத்தருகே போய் எடுப்பார். அதிர்ச்சியே அவருடைய மொழி. ரசிப்பவர்களும் திட்டுபவர்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். பாரிமுனையில் முயன்றால் திட்டுபவர்களை மட்டும் சந்திப்பீர்கள். பிளாஷ் வேண்டுமென்றால் திருவிழாக் கூட்டத்தில், பவரை 1/16க்குக் குறைத்து, ஷட்டரை 1/30க்கு இறக்கிப் பழகுங்கள். அருகில் இருப்பவர் உறைந்து நிற்க, பின்னணி விளக்குகள் கோடாக ஓடும்.

சென்னையில் எந்த நேரம் நல்லது?

காலை, மாலை என்ற பொதுவான பதிலோடு ஒரு சேர்க்கை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர்கிழக்கில் எழும். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் அந்த வாரங்களில் வெயில் தெரு நெடுக்கப் பாயும், எதிரே வருகிறவர்களின் விளிம்பெல்லாம் ஒளிரும். மயிலை வடக்கு, தெற்கு மாட வீதிகளில் இது கிடைக்கும். பங்குனித் தேர் சமயத்தில் பொருந்தி வந்தால் யோகம்தான்.

ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் 12.10 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும், கண்குழி கறுக்கும். முகங்களை விட்டுவிட்டு குடை, தலைச்சுமை, மேலே நிமிர்ந்து பார்க்கிறவர்கள் என்று தேடுங்கள். சவுக்கார்பேட்டைச் சந்துகளில் அப்போதுதான் நடுவில் ஒரு வெயில் பட்டை இறங்கும்.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் வேர்க்கும். கேமராவைப் பைக்குள் மூடியபடி அரை மணி நேரம் விடுங்கள். துடைத்தால் திரும்பத் திரும்ப வேர்க்கும்.

போன் போதுமா?

போதும். போர்ட்ரெய்ட் மோடை அணையுங்கள், வால்யூம் பட்டனில் எடுங்கள், திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். மங்கிய வெளிச்சத்தில் நகர்கிற ஆள் பேய் மாதிரி இரட்டையாக வருவது, நைட் மோட் பல பிரேம்களை ஒட்டுவதால்.

ஏழைகளை, நடைபாதையில் தூங்குபவர்களை எடுக்கலாமா?

'இருப்பதைத்தானே காட்டுகிறோம்' என்பது ஒரு வாதம். ஃபிராங்கும் அதைத்தான் செய்தார் என்பார்கள். ஆனால் தூங்குகிறவரிடம் மறுக்கும் வசதி இல்லை, படுத்த இடம் அவருக்கு வீடு. வறுமையே படத்தின் ஒரே விஷயம் என்றால் அங்கே எடுத்தவர் எதையும் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு மட்டும் போயிருக்கிறார். நாங்கள் தூங்குபவர்களை எடுப்பதில்லை. அதே மனிதர் காலையில் எழுந்து கண்ணாடித் துண்டில் தலை வாரும்போது, அவர் பார்க்கிற தூரத்தில் நின்று கேட்டு எடுக்கலாம்.

போஸ்டர் நகைச்சுவையும் இதே வகைச் சோம்பல். சினிமா பேனரில் ஹீரோ துப்பாக்கி நீட்ட, கீழே ஒரு தாத்தா நடந்து போகிறார். முதல் பத்துப் படம் சிரிப்பு வரும். பேனர் வைத்தவர் போட்ட ஜோக்கை நீங்கள் நகல் எடுக்கிறீர்கள். கறுத்த நிழலுக்கு நடுவே ஒற்றை ஆள் நடக்கும் படமும் அப்படித் தேய்ந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? யாராவது சண்டைக்கு வந்தால்?

பொது இடத்தில் படம் எடுப்பதையே மொத்தமாகத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. தனிமையில் இருக்கும் பெண்ணை அவரறியாமல் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம். பாதுகாப்புத் துறை இடங்களில் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள். விளம்பரத்துக்குப் படத்தைத் தருவதானால் அதில் இருப்பவரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

யாராவது கோபப்பட்டால் சட்டம் பேசாதீர்கள். கேமராவை இறக்கி, "சாரிண்ணா, இதோ பாருங்க" என்று திரையைக் காட்டி, வேண்டாம் என்றால் அவர் கண் முன்னால் அழியுங்கள். இரண்டு கார்டு போட்ட கேமராவில் ஒன்றில் மட்டும் அழிந்து மற்றதில் தங்கலாம், அதையும் கவனியுங்கள். குழந்தைகள் என்றால் கூட இருக்கிற பெரியவரிடம் முதலில் கண்ணாலாவது கேட்டுவிடுங்கள்.

எத்தனை எடுத்தால் எத்தனை தேறும்? எப்படிப் பொறுக்குவது?

ஃபிராங்க் ஏறத்தாழ 27,000 பிரேம் எடுத்தார். புத்தகத்தில் வந்தவை 83. ஒரு நாளைக்கு 200 எடுத்து மாதத்தில் ஒன்று தேறினால் உங்களுக்குக் குறைச்சலில்லை.

பொறுக்குவதில் பெரிய பகை, எடுத்த அன்றைய உற்சாகம். ஓடிப்போய், பயந்து, திட்டு வாங்கி எடுத்த படம் உங்களுக்கு நன்றாகத்தான் தெரியும். பார்க்கிறவருக்கு அந்த ஓட்டம் தெரியாது. கேரி வினோகிராண்ட் ஃபிலிம் ரோல்களைக் கழுவாமல் ஒரு வருடம் வரை போட்டுவைப்பார், எடுத்தபோது இருந்த மனநிலை மறந்துபோகட்டும் என்று. 1984இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல் மட்டும் சுமார் 2,500 மிஞ்சியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

எடுத்த அன்று கை தவறி அழுத்தியவற்றை மட்டும் அழியுங்கள். இரண்டு வாரம் திறக்காதீர்கள். பிறகு கட்டைவிரல் அளவில் வைத்து ஓட்டுங்கள். அந்த அளவிலேயே வடிவம் தெரிகிறவை நிற்கும், மற்றவை கரையும். நின்றதில் இருபதை 4×6 அங்குலத்தில் பிரின்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். தெருப் படம் எடுக்காத யாராவது ஒருவரை, அக்காவோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ, கூப்பிட்டு எதுவும் சொல்லாமல் பார்க்கவிடுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி "இது எந்த இடம்?" என்றால் படம் தகவலாக நின்றுவிட்டது. "இந்தப் பையன் ஏன் இப்படிப் பார்க்கிறான்?" என்றால் அதை எடுத்துத் தனியே வையுங்கள்.